சுயம்புலிங்கம் சார் நகம் அளந்த வருஷம்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற சாலையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு உயர்நிலைப்பள்ளி இருந்தது. அங்கே டிரில் மாஸ்டராக இருந்த சுயம்புலிங்கத்துக்கு 1974-ஆம் வருஷத்தில் உடைமை என்று மூன்றே இருந்தன: ஒரு விசில், ஒரு ஸ்டாப் வாட்ச், பதினோராம் வகுப்பில் வாரத்துக்கு மூன்று பீரியடு. விசிலுக்குள் இருந்த பட்டாணி எங்கோ விழுந்துவிட்டதால் அது ஊதினால் விம்மும். ஸ்டாப் வாட்ச் ஓடினால் நிற்காது, நின்றால் ஓடாது. உருப்படியாக இருந்தது அந்த மூன்று பீரியடுதான். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

தலைமையாசிரியர் பொன்னுராஜ் கணக்கு வாத்தியார். முந்தின வருஷம், அப்போது எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற வகுப்பாக இருந்த பதினோராம் வகுப்பில், கணக்கில் மட்டும் இருபத்தாறு பேர் விழுந்திருந்தார்கள். விழுந்தவர்கள் கவலைப்பட்டார்களோ இல்லையோ, பொன்னுராஜ் இளைத்துப்போனார். பள்ளி திறந்த முதல் நாளே சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கிய டைம்டேபிள் அட்டையைப் பென்சிலால் தட்டினார்.

"சுயம்பு, பதினோராங் கிளாசுக்கு டிரில் எதுக்கு? கை காலெல்லாம் அவனுகளுக்கு ஏற்கெனவே நல்லாத்தான் ஆடுது. பொங்கலுக்கு அப்புறம் மூணு பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கிறேன்."

"அப்ப நான் என்ன சார் செய்ய?"

"மூணு கொறஞ்சா உங்க போஸ்டு நிக்காது. நீங்க உபரி. உபரிய எங்க போடணும்னு மேல இருக்கவுக பாத்துக்குவாக. சாயல்குடிப் பக்கம் எடம் இருக்குன்னு பேச்சு."

ராமநாதபுரத்து வறண்ட சீமையான சாயல்குடி என்ற பேரைக் கேட்டதும் சுயம்புலிங்கத்துக்குத் தண்ணீர் தவித்தது. முல்லையாற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த உடம்பு அது. ஆனால் அவரை அதைவிட உறுத்தியது வேறு: பிள்ளைகளை விழத்தட்டியது கணக்கல்ல, பரீட்சைப் பயம்.

அவர் பிறந்தது அல்லிநகரத்தில். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை மூன்று தடவை எழுதியவர். முதல் தடவை கேள்வித்தாளை வாங்கியதும் வாந்தி எடுத்தார். இரண்டாம் தடவை வாங்குவதற்கு முன்பே எடுத்தார். அதை ஒரு முன்னேற்றமாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை வெறும் வயிற்றோடு போய்ப் பாஸானார். பயத்தைப் பற்றி அந்தப் பள்ளியில் அனுபவபூர்வமாகப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆசிரியர் அவர்தான். பாடத்திட்டத்தில் பயம் இல்லாததால் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அந்த மே மாதம்தான் மதுரையில் டிரில் மாஸ்டர்களுக்குப் பத்து நாள் முகாம் நடந்திருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். "மெதுவா அசைங்க. அசையறதைக் கவனிங்க," என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் சுயம்புலிங்கத்துக்குத் தூக்கம்தான் வந்தது. நான்காம் நாள் கையை மெல்ல உயர்த்தியபோது, தனக்கு இடது தோள் என்று ஒன்று இருப்பதை நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகக் கண்டுபிடித்தார். அன்று ராத்திரி, எந்தப் பரீட்சையும் கனவில் வராமல் தூங்கினார். முகாம் முடிந்து கிளம்பும்போது எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'மாணவர் மனநிலை: பயிற்சிக்கு முன் / பயிற்சிக்குப் பின்' என்று இரண்டு கட்டங்கள். அடியில் சின்ன எழுத்தில், 'எண்ணால் மட்டும் நிரப்பவும்.'

இப்போது அந்தப் படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தலைமையாசிரியர் மேஜையில் விரித்தார்.

"ஆறு மாசம் பொறுங்க சார். மெதுவா ஆடுற பயிற்சி. பிள்ளைக மனசு சரியாகும். மனசு சரியானா கணக்கும் வரும்."

பொன்னுராஜ் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "டிசம்பர்ல ஆய்வுக்கு அதிகாரி வர்றாக. இத நெரப்பி அவுக கையில கொடுங்க. அவுக சரின்னா எனக்கும் சரி. இல்லைன்னா பொங்கலோட சரி."

நாற்பத்திரண்டு பேர் கொண்ட பதினோராம் வகுப்பு மைதானத்துக்கு வந்தது. 'மெதுவாக' என்ற சொல்லுக்கு அவர்களிடம் அர்த்தமே இல்லை. கையைத் தூக்கு என்றால் தூக்கிவிட்டு, அடுத்து என்ன என்று பார்த்தார்கள்.

"ஏலே, குமுளி மலையில லோடு லாரி ஏறிப் பாத்திருக்கீகளா? அதே மாதிரி. முதல் கியர்ல கை ஏறணும்."

கைகள் ஏறின. கூடவே நாற்பத்திரண்டு தொண்டைகளிலிருந்து எஞ்சின் சத்தமும் ஏறியது. கடைசி வரிசையில் ஒருத்தன் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தான்.

"சத்தம் வேணாம்லே. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஏறுங்க."

"ஆஃப் பண்ணா லாரி பின்னால வந்துருமே சார்," என்றான் சேக் தாவூது. உத்தமபாளையம் அரிசிக்கடை நூர் முகம்மதுவின் மகன்; லாரி விவரம் தெரிந்தவன்.

இரண்டு வாரத்தில் சத்தம் அடங்கியது. நடைப் பயிற்சிக்கு மட்டும் சிரமமே இல்லை. மைதானம் முழுக்க நெருஞ்சி முள். ஒவ்வொரு அடியையும் கவனித்து வைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சாலையில் போன பஸ்கள் வேகம் குறைத்து வேடிக்கை பார்த்தன. தோட்ட வேலைக்குப் போன பெண்கள், "காலையில கஞ்சி குடிக்காம வந்திருக்குக போல, பாவம்," என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

படிவத்தை நிரப்புவதுதான் பெரிய பாடாக இருந்தது. பயத்தை எண்ணால் எழுத வேண்டும். சுயம்புலிங்கம் ராயப்பன்பட்டி ஜெபமணியைக் கூப்பிட்டார். மாதப் பரீட்சைக்கே வாந்தி எடுக்கிறவன் அவன். அந்த விஷயத்தில் அவர் அவனைத் தன் ஜாதி என்று நினைத்திருந்தார்.

"ஜெபமணி, பரீட்சைன்னா எவ்வளவு பயம்லே?"

"நெறைய சார்."

"நெறையன்னா? எண்ணுல சொல்லு."

ஜெபமணி யோசித்தான். "ஒரு மூடை இருக்கும் சார்."

'1 மூடை' என்று எழுதிவிட்டு அவரே அடித்துவிட்டார். அவன் யோசிக்கும்போது வாயில் போயிருந்த கட்டைவிரலைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் சதைக்குள் போய் ஒளிந்திருந்தது. எல்லாரையும் கையை நீட்டச் சொன்னார். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேருக்குக் கடித்தது போக மிச்சம் ஒன்றுமில்லை. பூமாரி என்ற பெண் மட்டும் ஒரு விரலை வைத்திருந்தாள். "அது முழுப்பரீட்சைக்கு வச்சிருக்கேன் சார்," என்றாள்.

அன்றைக்கே பௌதிக ஆய்வுக்கூடத்திலிருந்து வெர்னியர் காலிப்பரை இரவல் வாங்கினார். பயந்தவன் நகம் கடிக்கிறான். பயம் குறைந்தால் நகம் வளரும். வளர்ந்த நகத்தை மில்லிமீட்டரில் அளக்கலாம். மனித மனத்தை இத்தனை துல்லியமாகக் கம்பம் பள்ளத்தாக்கில் அதுவரை யாரும் நெருங்கியதில்லை.

"வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் யாரும் வெட்டாதீக. கடிக்கணும்னு தோணுச்சுன்னா கடிச்சுக்கங்க, தப்பில்ல. ஆனா எங்கிட்ட சொல்லிரணும்."

ஒரு நோட்டுப் போட்டார். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பேர், கீழே தேதி, நகம். வாரம் இரண்டு நாள், திங்களும் வெள்ளியும் அளவு. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவர் மனைவி செல்லத்தாய், "ஊருல எல்லாரும் நெல்லு அளக்குறாக. எனக்கு வாச்சவுக நகம் அளக்குறாக," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நகங்கள் வளர்ந்தன. ஆகஸ்டு மாதப் பரீட்சையில் ஜெபமணி வாசல் வரை ஓடி, ஒன்றும் வராமல் திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினான். சுயம்புலிங்கம் அன்றைக்குத் தன் காசில் அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஒரே ஒரு கணக்கு மட்டும் இடித்தது. சேக் தாவூதுக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் நகம் கொஞ்சம் தலைகாட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அளந்தால் ஒட்ட ஒன்றும் இருக்காது. ஐந்து வாரம் இப்படியே. 'சேக் தாவூது: வெள்ளிதோறும் கடும் மனக்கலக்கம்' என்று நோட்டில் எழுதிவிட்டு, வீட்டில் ஏதோ தகராறு என்று முடிவுகட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு அரிசிக்கடைக்கே போனார்.

"பாய், தப்பா நெனைக்காதீக. வெள்ளிக்கிழம ஆனா வீட்டுல ஏதாச்சும் சண்ட வருமா?"

நூர் முகம்மது படியைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமைல எங்க சார் சண்ட? அன்னைக்குத்தான் பிரியாணி."

"பின்ன பையன் அன்னைக்கு மட்டும் ஏன் நகத்த அப்பிடிக் கடிக்கிறான்?"

"அவன் எங்க கடிக்கிறான்? ஜும்மா தொழுகைக்குப் போறதுக்கு முன்ன நாந்தான் வெட்டிவிடுறேன். வெள்ளிக்கிழம நகம் வெட்டுறது எங்க வழக்கம் சார். ஒரு விரல மட்டும் விடுங்க வாப்பா, சாரு கேட்டாகன்னான். நகத்த வச்சு சாருக்கு என்னடா வேலன்னு அதையும் சேத்து வெட்டிட்டேன்."

சுயம்புலிங்கம் கடையிலேயே நோட்டைப் பிரித்துக் 'கடும் மனக்கலக்கம்' என்பதை அடித்து, 'ஜும்மா' என்று எழுதினார்.

அக்டோபர் வாக்கில் வேறு விதமான புகார்கள் கிளம்பின. சரித்திர வாத்தியார் பிரம்பை ஓங்கினால் பிள்ளைகள் கண்ணை மூடுவதில்லை. பிரம்பு வருகிற வழியைக் கவனிக்கிறார்கள். அடி வாங்கின ஒருத்தன், "இன்னைக்குக் கொஞ்சம் எடதுபக்கமா வந்துச்சு சார்," என்று சொல்லியிருக்கிறான். கணக்கு வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பத்து வருசமா நடத்துறேன் சுயம்பு, ஒரு பய வாயத் தெறந்ததில்ல. நேத்து நாலு பேரு புரியலங்கிறானுக. புரியலைன்னு சொல்ற தைரியம் எங்கருந்து வந்துச்சு?" என்றார் பொன்னுராஜ்.

சுயம்புலிங்கம் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

டிசம்பரில் ஆய்வு வியாழக்கிழமை என்று கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் வரிசை வரிசையாக நடந்துபோன பொன்னுராஜ், பதினோராம் வகுப்பிடம் வந்ததும் நின்றுவிட்டார். நாற்பத்தொரு வலது கட்டைவிரல்களிலும் வேர்க்கடலை உடைக்கிற நீளத்துக்கு நகம் நின்றது. பள்ளியில் நகச் சுத்தம் பார்ப்பது யார் வேலை என்று அவர் உரக்கக் கேட்டார். டிரில் மாஸ்டர் வேலைதான்.

"அதிகாரி வந்து இதப் பாத்தாருன்னா பொங்கல் வரைக்கும் எதுக்கு, அன்னைக்கே உங்களத் தூக்கிருவாரு. வெட்டுங்க."

"சார், அதுதான் சார் அத்தாட்சி."

"அழுக்கா அத்தாட்சி? வெட்டுங்கங்கிறேன்."

திங்கள் சாயங்காலம் வெட்ட முடியவில்லை, விளக்கு வைத்துவிட்டால் ஆகாது என்றார்கள். செவ்வாய்க்கிழமை யாரும் விரலையே நீட்டவில்லை. புதன்கிழமை மத்தியானம் சுயம்புலிங்கம் ஒரு நகவெட்டியோடு உட்கார்ந்தார். ஆறு மாத உழைப்பு டிக் டிக் என்று மேஜையில் விழுந்தது. மனசு கேட்கவில்லை. கம்பவுண்டர் மாத்திரை மடிக்கிற மாதிரி ஒவ்வொரு நகத்தையும் காகிதத்தில் மடித்து, மேலே பேரும் தேதியும் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினார். வெள்ளிதோறும் வெட்டியது போக மிஞ்சியிருந்த சேக் தாவூதின் துணுக்கையும் விடவில்லை. நாளைக்கு அதிகாரி முன்னால் டப்பாவைத் திறந்தால் போதும், 'பின்' கட்டத்தை அங்கேயே கூட்டி நிரப்பிவிடலாம் என்று தைரியமாக வீட்டுக்குப் போனார்.

பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள். போய், நடந்ததை நடந்தபடி சொன்னார்கள்.

வியாழன் காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். முன்னால் நின்றது பூமாரியின் அம்மா கருத்தம்மாள். திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற கத்தரியை இடுப்பில் செருகியபடியே வந்திருந்தாள்.

"சாரு, எம் மக நகம் எங்க?"

"இருக்கு ஆத்தா. பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருக்குங்கிறதுதான் பயமா இருக்கு. பேரு எழுதிப் பொட்டலம் கட்டியிருக்கீகளாம்ல?"

"பேரு எழுதாட்டி எது யாரு நகம்னு எப்பிடித் தெரியும்?"

"அதத்தான மலையாளத்து மந்திரவாதியும் சொல்லுவான்." அவள் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டீகளா, அவுக வாயாலயே சொல்லிட்டாக."

"ஆத்தா, இது செய்வினை இல்ல. மனநிலை. உம் மகளுக்குப் பயம் எவ்வளவு போயிருக்குன்னு இந்த நகத்துல இருக்கு."

"போன பயம் எங்கிட்ட வந்துருச்சு. குடுங்க இங்கன."

டப்பா திறக்கப்பட்டது. ஒவ்வொருத்தராகப் பேரைப் படிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நூர் முகம்மதுவும் வரிசையில் நின்றார். "எனக்குச் சந்தேகம் ஒண்ணுமில்ல சார். வெட்டுன நகத்தப் பொதைக்கிறது எங்க வழக்கம், அதான்," என்று மரியாதையாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கருத்தம்மாளின் கண் நோட்டின்மேல் விழுந்தது.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"பேரு, தேதி, நகத்தோட நீளம்."

"வாரா வாரமா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ," என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

ஆளுக்கு ஒரு பக்கம் கிழிந்தது. பத்து மணிக்கு அவர் கையில் இருந்தது நோட்டின் அட்டையும், சந்தேகம் கேட்டவர்களைப் பற்றிய கடைசிப் பக்கமும்தான். தலைமையாசிரியர் அறை ஜன்னலில் நின்ற பொன்னுராஜ், டைம்டேபிள் அட்டையை எடுத்து அழிரப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பள்ளத்தாக்கு முழுவதும் அவருக்கு ஒரு பேர் உண்டு. வகுப்புக்குள் நுழைந்ததும் இரண்டடி மரஸ்கேலை மேஜையில் ஓங்கி அடிப்பார். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் எந்த அளவுக்கு நடுங்குகிறார்களோ, அந்த அளவுக்குப் பள்ளிக்கு நல்ல ரிப்போர்ட். போடி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியரே மயங்கி விழுந்ததால் அதற்குச் 'சிறப்பு' என்று போட்டதாகப் பேச்சு.

முதலில் படிவத்தை வாங்கிப் பார்த்தார். 'முன்' என்ற கட்டத்தில் '0.9 மி.மீ.' என்று இருந்தது. 'பின்' காலி.

"என்னய்யா இது, மனநிலை பாயிண்டு ஒன்பது மில்லிமீட்டர்?"

"சராசரி ஐயா," என்றார் சுயம்புலிங்கம்.

"பின்னாடி?"

"பின்னாடி இருந்துச்சுங்கய்யா. காலையில வந்து வாங்கிட்டுப் போயிட்டாக."

அதிகாரி படிவத்தை நாலாக மடித்துப் பொன்னுராஜிடம் கொடுத்தார். சுயம்புலிங்கம் மனசுக்குள் சாயல்குடிக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்தார்.

பிறகு பதினோராம் வகுப்பு. அதிகாரி நுழைந்தார். ஸ்கேலை ஓங்கி அடித்தார். பொன்னுராஜ் துள்ளினார். வாசலில் நின்ற பியூன் சுருளியாண்டி மணியைக் கீழே போட்டான். நாற்பத்திரண்டு பேர் ஸ்கேல் விழுந்த இடத்தைக் கவனித்தார்கள். ஒரு மூச்சு இழுத்து, விட்டார்கள். அவ்வளவுதான்.

அதிகாரி மறுபடியும் அடித்தார். ஸ்கேல் ஓரத்தில் விரிசல் விட்டது.

"நீ எந்திரி." நீட்டிய விரலுக்கு நேரே ஜெபமணி இருந்தான். "பிதாகரஸ் தேற்றம். சொல்லு."

சுயம்புலிங்கம் கதவுக்கு வெளியே நின்று அவனுடைய வாயையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெபமணி முதல் கியரில் எழுந்தான். இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"பாதி தெரியும் ஐயா. மீதி தெரியாது. தெரிஞ்ச பாதியச் சொல்லவா?"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த அதிகாரியிடம் யாரும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. அழுதிருக்கிறார்கள், திக்கியிருக்கிறார்கள், ஒருத்தன் ஜன்னல் வழியாகக் குதித்துப் போயிருக்கிறான்.

"தெரியாதுங்கிறே. பயமா இல்ல?"

ஜெபமணி உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றான். "கொஞ்சம் இருக்கு ஐயா. வயித்துல, இடதுபக்கமா. போயிரும்."

அதிகாரிக்கு முகம் சிவந்தது. வகுப்பையே பார்த்துக் கத்தினார். ஒழுக்கம் என்றார், பணிவு என்றார், அந்தக் காலத்தில் தான் வாங்கிய அடிகளை வரிசையாகச் சொன்னார். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் பூமாரி எழுந்து, "ஐயா, தண்ணி கொண்டாரவா?" என்றாள். அவள் நிஜமாகவேதான் கேட்டாள்.

அதிகாரி தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் எழுதினார். ஜீப் கிளம்பிப் போனபின், பொன்னுராஜ் சுயம்புலிங்கத்தை உள்ளே கூப்பிட்டு ரிப்போர்ட்டைப் படித்தார். ஆரம்பத்தில் அவர் குரல் கணீரென்று இருந்தது.

"'பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் பயம் போதிய அளவில் இல்லை. இது ஒழுங்குக் குறைவின் தெளிவான அறிகுறி...'" பொன்னுராஜ் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டீகளா சுயம்பு? நான் சொன்னேன்ல."

"மேல படிங்க சார்."

"'இக்குறை ஏட்டுப் பாடங்களால் தீரக்கூடியது அன்று. எனவே, கணிதத்திலிருந்து இரண்டு பீரியடுகளை...'" குரல் இறங்கியது. "'...எடுத்து, உடற்பயிற்சி வகுப்பை வாரத்துக்கு ஐந்தாக உயர்த்த வேண்டும். மேற்படி ஆசிரியர் பொறுப்பேற்று மாணவர்களிடம் பயத்தை மீட்டுத் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை அனுப்பவும்.'"

பொன்னுராஜ் அந்த வரியை விரலால் தொட்டு மறுபடியும் படித்தார்.

"என் பீரியடுல ரெண்டா?" என்றார் பொன்னுராஜ்.

"உத்தரவு சார். நம்ம கையில என்ன இருக்கு," என்றார் சுயம்புலிங்கம். சிரிப்பு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதைக் கவனித்தார்; கவனித்ததில் அது வெளியே வராமல் நின்றது.

மறு வாரத்திலிருந்து ஐந்து பீரியடு. ஜன்னலில் பொன்னுராஜ் தலை தெரியும்போதெல்லாம் சுயம்புலிங்கம், "ஏலே, பயப்படுங்கலே," என்று ஓங்கிக் கத்துவார். தலை மறைந்ததும் கைகள் பழையபடி மெல்ல ஏறும். ஏப்ரலில் ஜெபமணி கணக்கில் முப்பத்தேழு மார்க் வாங்கிப் பாஸானான். கணக்கில் விழுந்தவர்கள் ஒன்பது பேர்தான். பீரியடு குறைந்தும் எப்படி என்று பொன்னுராஜ் நெடுநாள் குழம்பி, கடைசியில் அந்த இரண்டு பீரியடையும் தான் நடத்தாததால்தானோ என்ற சந்தேகத்துக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

சுயம்புலிங்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அறிக்கை அனுப்பினார். 'மாணவர்களிடம் பயம் மெல்லத் திரும்பி வருகிறது. முழுமையாக வர இன்னும் ஆறு மாத அவகாசம் தேவை.' மேலிருந்து 'அனுமதிக்கப்படுகிறது' என்று முத்திரை குத்தி வரும். அதிகாரிகள் மாறினார்கள், முத்திரை மாறவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் இருபத்துமூன்று அறிக்கை. 1986-இல் ஓய்வு பெறும்போது இருபத்துநாலாவதை எழுதி உறையில் போட்டு, அடுத்து வரப்போகிற டிரில் மாஸ்டருக்காக இன்னொரு காகிதத்தில் அதே வாசகத்தைப் பார்த்து எழுதி, தேதி போடாமல் மேஜை டிராயரில் வைத்துவிட்டு வந்தார்.